தொலைந்த படத்துக்கு யார் சாட்சி?

கேள்வி: மலையாள இயக்குநர் கமல் எடுத்த 'செல்லுலாய்ட்' படத்தை மகளோடு பார்த்தேன். மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் எங்கள் பக்கத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர் என்பதால் தனி ஆர்வம். 'செல்லுலாய்ட்'டில் வரும், டேனியலின் அந்த முதல் படமான 'விகதகுமாரன்' காட்சிகளை என் மகள் அசல் என்றே நம்பிவிட்டாள். சினிமா படிக்கிற பெண் அவள். ஓர் இயக்குநர் இன்னொரு இயக்குநரின் வாழ்க்கையையும் படத்தையும் காட்டும்போது எவ்வளவு தூரம் கற்பனை செய்யலாம்?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் மகளிடம் சொல்லிவிடுங்கள், அவள் பார்த்தது அசல் இல்லை. 'விகதகுமாரன்' படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடையாது. அது திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் வெளியானது 1928-லா 1930-லா என்பதே இன்னும் தீரவில்லை.

ஹாலிவுட் இயக்குநர் எட் வுட்டைப் பற்றி டிம் பர்ட்டன் 1994-ல் 'எட் வுட்' எடுத்தபோது இந்தச் சிக்கல் இல்லை. எட் வுட்டின் படங்கள் கிடைக்கின்றன. பர்ட்டன் மறுபடி எடுத்த காட்சிகளை அசலோடு வைத்து யாரும் ஒப்பிடலாம். எட் வுட் மதுக்கடையில் புகழ்பெற்ற இயக்குநர் ஆர்சன் வெல்ஸைச் சந்திப்பது முழுக் கற்பனை. ஆனாலும் எனக்கு அதில் குறை தெரியவில்லை. தன்னை வெல்ஸுக்குச் சமமாக நினைத்துக்கொண்ட ஒருவரின் மனசு அந்தக் காட்சியில் இருக்கிறது. தவறென்றால் தட்டிக் கேட்கவும் ஆள் இருந்தார்கள். எட் வுட்டின் நடிகர் பேலா லுகோசி கெட்ட வார்த்தை பேசுவதாகக் காட்டியதை அவருடைய மகனே மறுத்தார்.

கமலுக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. அப்படியிருக்க, அவர் காட்டுவதே பார்ப்பவர் மனதில் ஆவணமாகிவிடும். உங்கள் மகளுக்கு நடந்ததும் அதுதான். அதனால் தொலைந்துபோன ஒரு படத்தை மறுபடி உருவாக்குகிறவர், இது என் கற்பனை என்று திரையிலேயே சொல்லிவிட வேண்டும் என்பேன்.

டேனியலின் வாழ்க்கையைப் பொறுத்தவரை கமல் பெரும்பாலும் உண்மையின் பக்கமே நிற்கிறார். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் எழுதிய வாழ்க்கை வரலாறு அவர் கையில் இருந்தது. நிலத்தை விற்றுப் படமெடுத்தது, பல் மருத்துவராகப் பிழைத்தது, 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் இறந்தது எல்லாம் நடந்தவைதான். நம்பவே முடியாத ஒன்று, படச்சுருளைப் பிள்ளை கொளுத்தி விளையாடுவது. அதையும் டேனியலின் மகனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். டேனியலின் பெயரில் கேரள அரசு விருது ஏற்படுத்தியது 1992-ல். அவர் கண்மூடிப் பதினேழு வருஷம் கழித்து.

எனக்கு மனசு ஆறாத இடம் ரோசி. பி.கே. ரோசி தலித் பெண். 'விகதகுமாரன்' படத்தில் நாயகியாக, நாயர் பெண்ணாக நடித்தார். அதைப் பொறுக்காமல் மேல்சாதிக்காரர்கள் தியேட்டரில் கலவரம் செய்தார்கள். அவர் ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. நாகர்கோவிலில், உங்கள் ஊரில்தான், ராஜம்மாள் என்ற பெயரில் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவியாக மீதி வாழ்க்கையைக் கழித்தார். ஒரு படத்தோடு அவருடைய சினிமா முடிந்தது.

சினிமாவுக்கு வரும் முன்பே அவர் காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் நடித்தவர். பெண்கள் மேடையேறத் தயங்கிய காலத்தில், அந்தச் சாதியில் பிறந்து மேடையேறியவருக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்கும்! 'செல்லுலாய்ட்' ரோசி நாடகக்காரிதான். ஆனால் எப்போதும் அஞ்சி ஒடுங்கி, டேனியலின் கருணைக்கு நன்றி சொல்லும் வெள்ளந்திப் பெண்ணாகவே நிற்கிறாள். படத்துக்கு இன்னொரு மூலம் வினு ஆபிரகாம் எழுதிய 'நஷ்டநாயிகா' நாவல். நாவலின் பெயரே நாயகியைச் சொல்கிறது. படமோ பிற்பாதி முழுவதும் டேனியலின் பின்னால் போகிறது.

கமலின் நோக்கத்தில் நான் சந்தேகப்படவில்லை. சாதி செய்த கொடுமையை அவர் ஒளிக்கவும் இல்லை. ஆனால் இயக்குநர் ஒருவர் இயக்குநரைப் படமெடுக்கும்போது தன் தொழிலின் வலிதான் அவருக்கு முதலில் தெரிகிறது: பணம் கரைவது, பெட்டி திரும்பி வருவது, பெயர் மறக்கப்படுவது. அந்த வலியை உண்மையாகக் காட்டிவிடுகிறார். அதே படத்துக்காக இன்னும் அதிகம் இழந்தவர் ஓரத்துக்குப் போய்விடுகிறார். டேனியலுக்கு வரலாற்று நூல் இருந்தது, பேச மகன் இருந்தார். ரோசியோ தன் பழைய வாழ்க்கையைச் சொந்த வீட்டிலேயே பேசாமல் வாழ்ந்தவர். திரையில் தன்னைத் தவறாகக் காட்டினால் மறுத்துச் சொல்ல அவருக்கு யாருமில்லை.

ஆகவே கற்பனைக்கு எல்லை எங்கே என்றால், யாரைப் பற்றிய சான்று மிகக் குறைவோ அவரிடம்தான் மிக அதிகக் கவனம் வேண்டும். எட் வுட்டுக்கு ஒரு பொய்ச் சந்திப்பைக் கொடுப்பதால் அவருக்கு நட்டமில்லை. ரோசியிடமிருந்து துணிச்சலை எடுத்துவிட்டால் மிச்சம் அதிகமில்லை. உங்கள் மகள் பாடத்துக்காக ஏதேனும் எடுப்பதாக இருந்தால், நாகர்கோவில் ராஜம்மாளிடமிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.