கைக்கடிகாரக் கண்ணிச் சங்கிலி

எம் நண்பர் ஒருவர், தம் தந்தையார் நெடுங்காலம் அணிந்து விட்டுச்சென்ற கைக்கடிகாரத்தை ஒருநாள் கிணற்றடியில் இழக்க இருந்தார். கடிகாரத்தில் யாதொரு பழுதுமில்லை. அதன் எஃகுச் சங்கிலியில், குண்டூசியினும் சற்றே பருத்த ஓர் ஆணி தேய்ந்து நழுவியது. கடிகாரம் கிணற்றுச் சுவரின்மேல் விழுந்து, நல்லூழால் உட்புறம் சாயாது வெளிப்புறம் சாய்ந்தது. அந்நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. கடிகாரத்தின் உள்ளமைப்பை வியப்போர் பலர். அதனைக் கையிற் பிணிக்கும் சங்கிலியை ஆராய்வோர் சிலரே. அச்சங்கிலியின் அமைப்பு நெறிகளை மாணவ நண்பர்கட்குச் சுருக்கமாக ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் நம் இல்லங்களில் மகளிர் அணியும் வளையலை நோக்குவோம். அது விரல்முட்டுக்களைக் கடந்து ஏறவேண்டுமாதலின் மணிக்கட்டினும் பெரிதாகவே இருத்தல் வேண்டும். ஏறிய பின்னர் அங்குமிங்கும் ஓடும். வளையலுக்கு அவ்வோட்டமும் ஒலியும் அழகேயாம். கடிகாரத்திற்கோ அவை ஆகா. அதன் முகம் மேற்புறத்தே நிலைத்து நிற்றல் வேண்டும். கையைக் கடந்து ஏறும் அகலமும், ஏறியபின் கையோடு பொருந்தும் நெருக்கமும் ஒரே பொருளில் அமைதல் எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடையாக வந்ததே, சிறு கண்ணிகளை ஆணிகளாற் கோத்துப் பூட்டு அமைத்த சங்கிலி.

1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப் பெரும்போரிற் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்க்குச் சட்டைப்பைக் கடிகாரம் வசதியாக இல்லை. அதனாற் கைக்கடிகாரம் ஆடவரிடையே பெருவழக்காயிற்று. தோல்வார் வியர்வையால் நைந்துபோதலின் உலோகச் சங்கிலியும் நாடப்பட்டது. ஜெனீவா நகரில் 1835 ஆம் ஆண்டில் தோன்றிய கே பிரேர் என்னும் பட்டறை, பல கடிகார நிறுவனங்கட்கு இத்தகைய சங்கிலிகளைச் செய்தளித்துப் புகழ்பெற்றது. 1972 ஆம் ஆண்டில் ஓடெமார் பிகே நிறுவனம் வெளியிட்ட ‘ராயல் ஓக்’ கடிகாரத்தை ஜெரால்டு ஜென்டா வரைந்தார். அதன் சங்கிலியைச் செய்தது இப்பட்டறையே. அச்சங்கிலி கடிகாரப் பெட்டியினின்றே வளர்ந்தாற்போலத் தொடங்கிப் பூட்டை நோக்கிப் படிப்படியே குறுகும். இப்பட்டறை 1998 இல் ரோலெக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தது.

இனி அமைப்பு நெறிகளைக் காண்போம். முதலாவது, கண்ணியின் நீளம். ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடைப்பட்ட தொலைவு 8 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். சுற்றளவு 170 மில்லிமீட்டருள்ள மணிக்கட்டை வட்டமென்று கருதினால், அதன் ஆரம் ஏறக்குறைய 27 மில்லிமீட்டராகும். சுற்று முழுவதும் கண்ணிகளேயாயின் 21 கண்ணிகள் வேண்டும். ஒவ்வொரு மூட்டும் ஏறக்குறைய 17 பாகை வளைதல் வேண்டும். ஆயின் மணிக்கட்டு வட்டமன்று. மேலும் கீழும் தட்டையாய், இருபக்கமும் வளைவு மிக்கதாய் உள்ளது. பக்கங்களில் ஆரம் 18 மில்லிமீட்டராகக் குறையுமிடத்து, அதே கண்ணி 26 பாகை வளைதல் வேண்டும். 17 பாகைக்கென்றே செய்த சங்கிலி அங்கே கையைவிட்டு எழும்பி நிற்கும். கண்ணியைக் குறுக்கினால் வளைவு எளிதாகும். ஆனால் மூட்டுக்கள் பெருகும். மூட்டுக்கள் பெருகத் தேய்மானமும் செலவும் பெருகும்.

இரண்டாவது, மூட்டு எவ்வாறு வளையவேண்டும் என்பதனோடு எவ்வாறு வளையலாகாது என்பதையும் வகுத்தல் வேண்டும். கையைச் சுற்றி அது தாராளமாக மடங்கலாம், பக்கவாட்டில் முறுகலாகாது. கண்ணியின் ஓரம் ஆணியை மையமாகக் கொண்ட வட்டவில்லாகவும், அதனை ஏற்கும் அடுத்த கண்ணி அதற்கேற்பக் குழிந்தும் இருக்குமாயின், மடங்கும்பொழுது இடைவெளி விரியாது. இந்நெறி தவறிய சங்கிலி கைமயிரைக் கவ்வி இழுக்கும். அத்துன்பத்தை அனுபவித்தோர் இவ்வுண்மையை எளிதில் உணர்வர்.

மூன்றாவதும் தலையாயதும் ஆணிக்கும் துளைக்கும் உள்ள இடைவெளியாம். இடைவெளி அறவே இல்லையெனின் மூட்டு அசையாது. ஆதலின் சிறிது வேண்டும். ஒரு மூட்டிற்கு 0.05 மில்லிமீட்டர் தளர்ச்சி என்றால், 20 மூட்டுள்ள சங்கிலியில் அது 1 மில்லிமீட்டராகும். வியர்வையும் தூசியும் கலந்து அரம்போல் அராவ, அத்தளர்ச்சி 0.15 மில்லிமீட்டராக வளர்ந்தால், முழுச் சங்கிலியும் 3 மில்லிமீட்டர் தளரும். தனித்த ஒரு மூட்டிற் கண்ணுக்குப் புலனாகாத குறை, இருபதிற் பெருங்குறையாகின்றது. பொன் எஃகினும் மென்மையும் மிகுந்த எடையும் உடையதாதலின், பொற்சங்கிலி விரைவிலே தளர்தல் இயல்பு. இதனை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. சங்கிலியின் ஒரு முனையைப் பற்றி, அதன் அகலம் செங்குத்தாக நிற்குமாறு பக்கவாட்டிற் கிடையாக நீட்டிப் பிடிக்க. புதிய சங்கிலி கோல்போல் நிற்கும். தேய்ந்தது வில்போல் தாழும்.

நான்காவது, பூட்டு. மணிக்கட்டு வெயிலிற் பருக்கும், குளிரிற் சுருங்கும். ஆதலின் பூட்டினுள் சிறிதளவு கூட்டவும் குறைக்கவும் இடம் வைத்தல் நன்று. கண்ணிகளைக் கழற்றுமிடத்து, பூட்டு கையின் அடிப்புறத்து நடுவில் நிற்குமாறு இருபுறமும் ஒப்பக் கழற்றுதல் முறை. பல சங்கிலிகளின் உட்புறத்தே பொறித்துள்ள அம்புக்குறி, ஆணியை எப்பக்கம் தள்ளி எடுப்பது என்பதைக் காட்டும்.

அணிகலன்கட்கும் இந்நெறிகளே பொருந்தும். டென்னிஸ் வீராங்கனை கிறிஸ் எவர்ட், 1978 ஆம் ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் ஆடும்பொழுது தம் வைரக் கைச்சங்கிலி அறுந்து விழுந்ததாகப் பின்னர்க் கூறினார். வைரங்கோத்த அவ்வகைச் சங்கிலி இன்று ‘டென்னிஸ் சங்கிலி’ என்றே வழங்குகின்றது. ஓரிடத்து இணைப்பு விட்டால் அத்துணை வைரங்களும் தரையைச் சேரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எம் நண்பரின் சங்கிலியைப் பழுதுபார்ப்பவர், தேய்ந்த துளைகளைச் சற்றே அகற்றி, அவற்றுள் நுண்ணிய குழல்களைச் செருகிப் புதிய ஆணிகளைப் பூட்டினார். பளபளக்கும் கண்ணி ஒன்றையேனும் அவர் மாற்றவில்லை. சங்கிலியை வாங்குவோர் கண்ணியின் மெருகையே காண்கின்றனர். அதனை அமைப்போனோ கண்ணியும் கண்ணியும் கூடுமிடத்தையே முதலில் எண்ணுதல் வேண்டும். அணிவோரும் அவ்விடத்தை மறவாது, கடிகாரத்தினின்று சங்கிலியைக் கழற்றி, அவ்வப்போது வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு மெல்லிய தூரிகையால் அழுக்ககற்றி வருவாராயின், தந்தையின் கடிகாரம் மைந்தன் கையிலும், அவன் மைந்தன் கையிலும் நிலைத்திருக்கும் என்க.