வானொலியும் தாய்மொழியும்: ஆபிரிக்கா புகட்டும் பாடம்

ஒலியைப் பரப்புதல் வேறு. பொருளை உணர்த்துதல் வேறு. முன்னையதற்குப் பொறி போதும். பின்னையதற்குக் கேட்போனின் மொழியும் அவனது வாழ்க்கை பற்றிய அறிவும் வேண்டும். இவ்வுண்மையை நன்கு விளக்குவது ஆபிரிக்காக் கண்டத்துச் சாம்பியா நாட்டின் வானொலி வரலாறாகும்.

1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 24ஆம் நாள் சுதந்திரம் எய்தும்வரை அந்நாடு வட றொடீசியா எனப்பட்டது. அதன் தலைநகராகிய லுசாக்காவில், போர்க்காலச் செய்திகளை மக்களுக்கு அறிவிக்கும் பொருட்டு 1941இல் வானொலி நிலையமொன்று நிறுவப்பட்டது. ஆபிரிக்க மொழிகளில் ஒலிபரப்பு நிகழ்ந்தபோதிலும், மின்சாரமில்லாக் குடிசைகளில் அதனைக் கேட்பார் அரியர். தகவற் பகுதித் தலைவராயிருந்த ஹரி பிராங்கிளின் என்பார் பிரித்தானியக் கம்பனி ஒன்றை இணங்குவித்து, 1949இல் மலிவான வானொலிப் பெட்டி ஒன்றைச் செய்வித்தார். அலுமினியச் சமையற் சட்டியே அதன் கூடு. மின்கலமே அதனை இயக்குவது. விலை 5 பவுண். மக்கள் 'வயர்லெஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தம் நாவுக்கேற்ப 'வயலேஷி' என வழங்கினர். பிறநாட்டுப் பொறி அவ்வாறு அவர்தம் வீட்டுப் பொருளாயிற்று.

பெம்பா, நியாஞ்சா, தொங்கா, லோசி, கவொண்டே, லுண்டா, லுவாலே என்னும் ஏழு மொழிகளிலும் ஆங்கிலத்திலும் அந்நாட்டரசின் வானொலி பேசுகின்றது. இவ்வேழும் எற்றுக்கு என வினவுவார்க்கு ஓர் உதாரணம் தருவாம்.

நாட்டின் வடபகுதியில் வாழும் பெம்பா மக்கள் மரக்கிளைகளை வெட்டிக் குவித்து எரித்து, அச்சாம்பலிற் குரக்கன் விதைப்பர். 'சித்தெமெனே' எனப்படும் இம்முறை நம் நாட்டுச் சேனைப் பயிர்ச்செய்கையை ஒருவாறு ஒக்கும். வெட்டிய மரங்கள் மீளத் தழைக்கப் பல்லாண்டு வேண்டும். மக்கள் பெருகி அவ்விடைக்காலம் குறுகுமாயின், காடு அழியும், மண்ணும் வளங்குன்றும்.

இதனை ஒலிபரப்பாளன் 'சூழற் சமநிலைக் குலைவு' எனத் தொடங்குவானாயின் உழவன் பெட்டியை மூடிவிடுவான். 'சித்தெமெனே' எனத் தொடங்கின், அவனது நிலமே அவன் கண்முன் தோன்றும். ஆயினும் அச்சொல்லில் அவன் முன்னோரின் அறிவும் அவன் மக்களின் உணவும் அடங்கியுள்ளன. அதனைப் பழித்துரைப்பது அவனையே பழிப்பதாகும். 'குரக்கனை விட்டால் எதை உண்போம்?' என்னும் அவன் வினாவுக்கு விடையின்றி வானொலி பேசுதல் தகாது.

எனவே மொழி மட்டும் அமையாது. 1975இல் சாம்பியாவிற் பேருந்திற் பயணஞ்செய்த கனடா நாட்டு வேளாண் ஒலிபரப்பாளர் ஜோர்ஜ் அற்கின்ஸ், உடன் வந்த ஆபிரிக்க ஒலிபரப்பாளரோடு உரையாடினார். உழவு இயந்திரப் பராமரிப்பைப் பற்றி அவர்கள் ஒலிபரப்புவதை அறிந்தார். கேட்போருள் அவ்வியந்திரம் உடையவரோ மிகச் சிலர். பிறர்க்கு வேண்டியது எருதுகளைப் பேணும் முறை. இதனை உணர்ந்த அற்கின்ஸ், சிறு உழவர்க்குப் பயன்படும் செய்திகளை ஒலிபரப்பாளர்க்கு அனுப்பும் அமைப்பை 1979இல் தொடங்கினார். அவற்றைப் பெற்றவர்கள் தத்தம் மொழிக்கும் நிலத்துக்கும் ஏற்ப மாற்றி ஒலிபரப்பினர்.

இவற்றாற் பெறப்படுவன மூன்று: கேட்போன் மொழியிற் பேசுக, அவன் தேவையை முன்னர்க் கேட்டறிக, அவன் மறுமொழி கூற வாய்ப்பளிக்க. கைத்தொலைபேசி பரவியுள்ள இக்காலத்து மூன்றாவதும் எளிதாயிற்று.

மாணவர்காள்! நீவிர் நாளை மருத்துவராயினும் பொறியியலாளராயினும் கற்றதைக் கல்லாதார்க்கு எடுத்துரைக்கும் கடமை உமக்குண்டு. அன்று நுமக்கு வேண்டிய சொற்கள் அகராதியில் மட்டுமல்ல, வயல் வரம்பிலும் கிடைக்கும். அங்குச் சென்று முதலிற் செவிகொடுப்பீராக.