கம்பியில்லா நட்பு

பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னனுக்கு 'நீலப்பல்' என்னும் பொருளுடைய பட்டப்பெயர் உண்டு. பிரிந்து கிடந்த மக்களை ஒன்றுபடுத்தியவன் அவன். கருவிகளைக் கம்பியின்றி இணைக்கும் முறைக்கு, எரிக்சன், நோக்கியா முதலிய நிறுவனங்கள் 1998ஆம் ஆண்டில் அப்பெயரையே சூட்டி அறிவித்தன. அதுவே புளூடூத்.

திறன்பேசியில் புளூடூத்தை இயக்கினால் மட்டும் இணைப்பு உண்டாகிவிடாது. ஒலிபெருக்கியும் அதற்கு ஆயத்தமாதல் வேண்டும். அதற்குரிய பொத்தானைச் சிறிது நேரம் அழுத்தினால், பெரும்பாலும் விளக்கு மின்னி அந்நிலையை உணர்த்தும். பின்னர்த் திரையில் தோன்றும் அதன் பெயரைத் தொட்டால் இரண்டும் இணையும்.

இணையாவிடின், கருவி பழுதென்று கருதி அதனை எறிந்துவிடுதல் தகாது. மின்கலம் வற்றியுள்ளதா, இடைத்தொலைவு 10 மீட்டரைக் கடந்துள்ளதா, சுவர் ஏதேனும் அலையைத் தடுக்கின்றதா, வேறொரு பேசியுடன் அது முன்பே இணைந்துள்ளதா என முறையே ஆராய்தல் வேண்டும். குறை ஏதும் காணாவிடின், பழைய இணைப்பை நீக்கிவிட்டு மீண்டும் இணைத்துப் பார்த்தல் நன்று.

அறியாத கருவி ஒன்று இணைப்பு வேண்டினால் மறுத்துவிடுதலே அறிவுடைமை. நம் செய்திகள் பிறர் கைப்படாமல் காக்கும் வழி அது. ஆராய்ந்து சேர்தல் நட்புக்கு மட்டுமன்று, கருவிக்கும் உரிய நெறியாகும்.