சாதி ஆராய்ச்சி சோறு போடுமா?

கேள்வி: எம்.ஏ. வரலாறு முடித்த என் மகள், சாதியையும் காலனி ஆட்சியையும் ஆராயப்போகிறாளாம். பிழைக்க வழி உண்டா? (வாசகி, அல்சூர், பெங்களூரு)

பதில்: உண்டு, பொறுமை வேண்டும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். நிரந்தர வேலைக்குத்தான் காத்திருப்பு.

ஜானகி நாயரைப் படிக்கச் சொல்லுங்கள். கோலார் தங்கவயல், பெங்களூரு ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி 1998இல் நூல் எழுதியவர், பின்பு ஜே.என்.யு.வில் பேராசிரியராக இருந்தவர். வட ஆர்க்காட்டிலிருந்து போன நம் தலித் மக்கள் அந்தச் சுரங்கத்தில் இறங்கினார்கள். நடத்தியது ஜான் டெய்லர் என்ற லண்டன் கம்பெனி. 1956இல் சுரங்கம் அரசு கைக்கு வந்தது. இறங்கியவர்கள் என்னவோ அதே மக்கள்தான்! காலனியம் எங்கே முடிந்தது என்று உங்கள் மகள் அங்கிருந்தே கேட்கலாம்.

வீட்டுத் தமிழ் அவளுக்குப் பெரிய முதல். கன்னடம் வாசிக்க வருமா? வராவிட்டால் ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் கற்றுக்கொள்ளட்டும்.