புறக்கோட்டைக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

புறக்கோட்டைப் பொலிஸ் நிலையத்தில் உப பொலிஸ் பரிசோதகராகக் கடமையேற்கப் போகிறீர் என்று அறிந்தேன். மிகவும் சந்தோஷம். கூடவே ஒரு விசயம் சொல்ல வேண்டும்.

தமிழர் ஒருவர் மேலே போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்முடைய ஆட்கள் நினைப்பார்கள். 1982இல் ருத்ரா ராஜசிங்கம் பொலிஸ்மா அதிபரானார். மறு வருடம் ஜூலை 25ஆம் திகதி, அவர் அந்தப் பதவியில் இருக்கும்போதே, தமிழருக்கு எதிரான வன்முறையில் புறக்கோட்டையில் தமிழர் கடைகள் பட்டப்பகலில் எரிந்தன. ஊரடங்கு பிற்பகலில்தான் வந்தது. பல இடங்களில் காக்கி உடுப்புக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மனிதரை நான் குறை சொல்லமாட்டேன். அரசாங்கம் அசையாத நாளில் ஓர் அதிபரின் கட்டளை மட்டும் தெருவரை இறங்காது. 2002இல் ரி. ஈ. ஆனந்தராஜாவும் அதே பதவிக்கு வந்தார். இருவரும் நமக்குப் பெருமைதான். ஆனால் மூட்டை தூக்கும் ஒரு நாட்டாமிக்குப் பொலிஸ் என்றால் அதிபர் அல்ல, முறைப்பாடு எழுதும் மேசையில் இருப்பவர். இனி அது நீர்.

அந்த மேசைக்கு வருகிறவர்களில் பழைய பயத்தோடு வருகிறவர்களும் உண்டு. 1987 ஏப்ரல் 21இல் புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தில் வெடித்த குண்டு நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அப்படிப்பட்ட குண்டுகளைக் காரணம் காட்டிப் போர்க்கால வருடங்களில் லொட்ஜுகளில் சுற்றிவளைப்பு, அடையாள அட்டைச் சோதனை, பதிவு என்று தமிழர் பட்டது கொஞ்சமல்ல. மலையகத்திலிருந்து வந்து குறுக்குத் தெருவில் மூட்டை தூக்கும் பையன் நிலையப் படியேறத் தயங்கினால் காரணம் இதுதான். அவனை முதலில் உட்காரச் சொல்லும்.

பிறகு அவன் சொல்வதைத் தமிழிலேயே எழுதும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகத் தரும் தகவலை அது தரப்பட்ட மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்டச் சொல்கிறது. அந்த மொழியில் எழுத முடியாவிட்டால்தான் வேறு வழி. அப்போதும் காரணத்தைப் பதிய வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கும்? பையன் “முதலாளி தள்ளினார், கைவண்டியில் தலை பட்டது” என்பான். அது சிங்களத்தில் “முதலாளி தலையில் அடித்தார்” என்று இறங்கும். வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைப்பான். இரண்டு வருடம் கழித்துப் புதுக்கடை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வரியைக் காட்டிக் கேட்பார்: “பொலிசில் அப்படியா சொன்னீர்?” உண்மை சொன்ன பையன் பொய்யனாகி நிற்பான்.

அவன் பேச்சை அழகுபடுத்தவும் வேண்டாம். “தாக்குதல் மேற்கொண்டார்” என்று அவன் சொல்லவில்லை. முடிந்ததும் ஆறுதலாக வாசித்துக் காட்டும். திருத்தம் சொன்னால் எரிச்சல்படாமல் எழுதி, அதற்கும் கையொப்பம் வாங்கும்.

மேலதிகாரி ஒருவர், சிங்களத்தில் எழுதினால் வேலை கெதியாய் முடியும் என்பார். மரியாதையோடு 109ஆம் பிரிவைச் சொல்லும். கட்டளை என்றால், எந்தக் காரணத்தால் தமிழில் எழுதவில்லை என்பதையும் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதிவிடும். அதன்பின் அவரே யோசிப்பார். சிங்களத்தையும் நன்றாகப் படியும். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க அது உமக்குத்தான் வேண்டும்.

லீவு கிடைத்தால் கொட்டாஞ்சேனைப் பக்கம் வாரும். முதல் முறைப்பாட்டைப் பற்றி ஆறுதலாகப் பேசலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பொலிஸ் பரிசோதகர் ஒருவர்