ஆற்றங்கரையிலும் அளந்து

"தண்ணிக்கு என்ன பஞ்சம், பீலியில ராவும் பகலும் ஓடுதே" என்று லயத்தில் பலர் சொல்வதுண்டு. டவுன் பள்ளிவாசல் மௌலவியிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவதை முஸ்லிம்கள் வுழூ என்பார்கள். ஓடும் ஆற்றங்கரையில் செய்தாலும் அதில் வீண்விரயம் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னதாக ஹதீஸ் உண்டாம். வுழூவுக்கு அவர்கள் எடுத்தது ஒரு 'முத்' தண்ணீர். ஏறக்குறைய முக்கால் லீற்றர். குளிக்க நாலைந்து முத். நானும் முதலில் நம்பவில்லை.

பைப்படியில் பத்து லீற்றர் வாளியை வச்சுப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் நிரம்பிவிட்டது! மேல் லயத்தில் பைப்பை மூடாமல் விட்டால் கீழ் லயத்துக்குத் தண்ணி ஏது? அங்குள்ள பிள்ளைத்தாய்ச்சி குடத்தோடு ஓடைக்கு இறங்குகிறாள். நெருப்புக்காய்ச்சலும் வயிற்றோட்டமும் அப்படித்தான் லயத்துக்குள் வருகிறது.

கிணறு, ஊற்றைச் சுற்றி ஓர் எல்லை விட்டுவைக்கச் சொல்கிறது இஸ்லாமியச் சட்டம். அதற்கு 'ஹரீம்' என்று பேர். விஞ்ஞானம் சொல்லும் காரணம் இது: மேலே பெய்த மழை மண்ணுக்குள் இறங்கித்தான் ஊற்றாக வருகிறது. மரமும் சருகும் இருந்தால் மெதுவாய் ஊறும். வெட்டிவிட்டால் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். மேலே மாட்டுப்பட்டியோ மலசலகூடமோ இருந்தால் அந்த அழுக்கும் சேர்ந்து இறங்கும். தண்ணி தெளிவாய் இருந்தாலும் கொதிக்க வச்சே குடியுங்கள். ஆனால் தேயிலைக்கு அடிக்கும் மருந்து கலந்தால் கொதிக்க வைத்தும் போகாது.

இந்த ஞாயிறு ஊற்றுக்கு மேலே ஏறிப் பாருங்கள். மருந்துப் போத்தல் கிடந்தால் எனக்குச் சொல்லுங்கள்.