செக்ரட்டேரியட்டுக்கு ஏன் ஊசி போட்டார்கள்?

கால் நோவுக்காகவா ஒரு சாம்பியன் குதிரையை ஊசி போட்டுக் கொல்வார்கள்? அமெரிக்காவின் செக்ரட்டேரியட்டை அப்படித்தான் முடித்தார்களாமே?
– ஒரு வாசகர், வேலூர்

ஆமாம். ஆனால் கால் நோவு என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். வந்தது லேமினைடிஸ். குளம்புச் சுவரோடு உள்ளெலும்பைப் பிணைத்திருக்கும் மெல்லிய திசுக்கள் வீங்கி, பிடி விட்டுப்போகும். முற்றினால், அரை டன் உடம்பின் பாரத்தில் எலும்பு சரிந்து அடிக்குளம்பையே துளைத்துவிடும். வாரக்கணக்கில் படுத்துக் கிடந்து தேறுகிற பிராணியா குதிரை? நின்றாக வேண்டும், நின்றால் உயிர் போகிற வலி. 1989 அக்டோபர் 4 அன்று, கென்டக்கியின் கிளேபோர்ன் பண்ணையில் ஊசி போட்டார்கள். வயது 19.

1973-இல் பெல்மான்ட் பந்தயத்தில் 31 குதிரை நீளம் முந்தி ஜெயித்தவன்! ஒன்றரை மைல், 2 நிமிடம் 24 விநாடி. அந்தச் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை. பெரிய குதிரைகளுக்குக்கூட வழக்கமாகத் தலை, இதயம், குளம்புகளை மட்டும்தான் புதைப்பார்கள். இவனை முழு உடலோடு அடக்கம் செய்தார்கள்.

இதயம் 22 பவுண்டு என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரின் கண் மதிப்பு, தராசில் வைக்கவில்லை.